ஒட்டது

ஜனவரி 8

என் மகனுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது.

ஆமாம், என் கையாலேயேதான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே, பக்கத்து வீட்டுக்காரர் எழுதவில்லை. நேற்று மத்தியானம் உட்கார்ந்தவன் இன்று மத்தியானம்தான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். நடுவில் சாப்பிட்டேன், தூங்கினேன், பேனாவைத் தொலைத்து வீடெல்லாம் தேடி என் காதிலேயே கண்டுபிடித்தேன்.

உனக்குச் சளி விட்டதா? எனக்கு முழங்கால் வலி பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. காதுதான் இன்னும் மோசம். முப்பத்தொரு வருஷம் உலைப் பக்கத்தில் நின்றவன் காது எப்படி இருக்கும்! டெலிபோனில் நீ பேசினால் தூரத்தில் கொசு பாடுவது போல இருக்கிறது. அதனால்தான் அறுபத்தொன்பது வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சரம்மாவுக்கு உன் வயது இருக்கும். முதல் நாள் என்னைப் பார்த்து, "பேரனைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா தாத்தா?" என்று கத்திக் கேட்டாள். "இல்லம்மா, என்னைச் சேர்த்துவிட வந்தேன்" என்றேன்.

நான் எழுதியதை அவள் சிவப்பு மையில் திருத்துவாள். அதைப் பார்த்து நான் நல்ல தாளில் மறுபடி எழுதுவேன். ஆகவே இதில் தப்பே இருக்காது. கடைசி வரி மட்டும் அவளுக்குக் காட்டாமல் எழுதியது.

புது வேலை எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு, எழுதத் தெரிந்த
அப்பா

நன் உன்னை நினைக்கத நள் இல்லை.

---

ஜனவரி 21

அன்பு அப்பாவுக்கு,

சளி போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மிச்சம் இருந்த இருமலும் போய்விட்டது.

என்னோடு அறையில் தங்கியிருப்பவனை நெட்டை என்று கூப்பிடுவோம். குனியாமல் அவனால் எந்த வாசலுக்குள்ளும் நுழைய முடியாது. அவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து உங்கள் கடைசி வரியைப் படித்தான். "என்னடா, உங்கப்பா மூணு கால் போட மறந்துட்டாரே?" என்றான். "அவர் மறந்தா என்ன? நானே போட்டுப் படிச்சுக்குவேன்" என்றேன். அப்பா, இனிமேலும் அப்படித்தான். கால் இல்லாத இடத்தில் நான் வைத்துக்கொள்கிறேன். மேலே எழுதியது டீச்சருடைய கடிதம். அந்த ஒரு வரிதான் உங்களுடையது. அதை நாலைந்து தடவை படித்தேன்.

எனக்கு இப்போது உலையில் வேலை. நீங்கள் வேலை பார்த்த அதே மாதிரி உலைதான். உள்ளே நாற்பத்தெட்டுக் குழாய்கள் தூண்களைப் போல நிற்கின்றன. குழாய்க்குள் எண்ணெய் ஆவி, வெளியே தீ. அந்தச் சூட்டில் ஆவி உடைந்து வாயுவாகிப் போகிறது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்வைத் துளைகள். மணிக்கொரு தரம் திறந்து, குழாய்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். கிழக்குப் பக்கம் நான், மேற்குப் பக்கம் நெட்டை. முகம் கருவாடாகிவிட்டது. பெண் பார்க்கப் போகும் முன் நாலு மாதம் நிழலில் வைக்க வேண்டும்.

முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

உங்கள் மகன்

---

பிப்ரவரி 3

கருவாட்டு முகத்து மகனுக்கு,

தைலம் தடவினேன். டீச்சரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்தினாள்.

அவளிடம் ஒரு தகரப் பலகையும், பெட்டி நிறையக் காந்த எழுத்துகளும் இருக்கின்றன. எழுத்தைப் பலகையில் வைத்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். துணைக்கால் மட்டும் தனியாக இருபது இருக்கிறது. நீ கிண்டல் செய்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு காலை எடுத்துக் கொடுத்தாள். "இதை உங்க பையனுக்கு அனுப்புங்க தாத்தா. எங்கெல்லாம் குறையுதோ அங்கெல்லாம் வெச்சுக்கட்டும்" என்றாள். உறைக்குள் இருக்கிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்.

அனுப்பும் முன்னால் ஒருநாள் முழுக்க அதோடு விளையாடினேன். பீரோவில் ஒட்டியது. ஜன்னல் கம்பியில் ஒட்டியது. எவர்சில்வர் டம்ளரில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உலை ஞாபகம் வந்துவிட்டது. உன் குழாய்களும் அந்த வகை உருக்குதானே? எத்தனை வருஷத்துக் குழாய்? உள்ளே கரி எவ்வளவு சீக்கிரம் படிகிறது? எழுது.

டீச்சரம்மா அவள் அக்கா பிரசவத்துக்குப் போகிறாள். ஒரு மாதம் வகுப்பு இல்லை. நான் வாய்விட்டுப் படித்துப் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் யாரோடு சண்டை என்று கேட்டார்.

அப்பா

---

பிப்ரவரி 15

அன்பு அப்பாவுக்கு,

கால் நலமாக வந்து சேர்ந்தது. நெட்டை அதைத் தன் பெல்ட் கொக்கியில் ஒட்டிக்கொண்டு, "எனக்கு மூணு காலுடா, இனிமே என்னைப் பிடிக்கவே முடியாது" என்று ஓடினான். பிடுங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.

குழாய்களுக்குப் பதினோரு வயது. முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, தீயை அணைக்காமல் எண்ணெயை மட்டும் நிறுத்தி, உள்ளே படிந்த கரியை எரித்து எடுப்பார்களாம். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை. சில குழாய்களில் அங்கங்கே வெளிறிய திட்டுகள் தெரிகின்றன. என்ஜினியரிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வருஷம் ஓடும்பா" என்றார்.

28-ஆம் தேதி உலையை அணைத்து முழுக்க ஆறவிடப்போகிறார்கள். நாலு நாள். சுத்தம் செய்ய நாங்கள் உள்ளே போவோம். அப்பா, நீங்கள் அந்தக் கரியோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவர். நல்ல குழாய் எது, கெட்டுப்போனது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தீ அணைவதற்குள் பதில் கிடைத்தால் நல்லது. திருத்த ஆள் இல்லையே என்று தயங்காதீர்கள். கால்தான் என் பையில் இருக்கிறதே.

உங்கள் மகன்

---

பிப்ரவரி 20

மகனுக்கு அப்ப எழுதுவது.

டீச்சர் இல்லை. அவசரம். நீயே கல் வைத்துப் படி.

கரி குழய்க்குள் படிவது ஒன்று. உருக்குக்கு உள்ளேயே இறங்குவது வேறு. படிந்த கரியை எரித்து எடுக்கலம். இறங்கின கரியை ஒன்றும் செய்ய முடியது. அந்தக் குழய் சூட்டில் இருக்கிற வரை சும்ம இருக்கும். ஆறுகிற நேரத்தில் விரிசல் விடும். சட்டென்று ஆறினல் பிளந்துவிடும்.

உலை நன்றக ஆறின பிறகு உள்ளே நுழை. நன் அனுப்பின கந்தத்தை எல்லக் குழயிலும் வைத்துப் பர். கந்தம் ஒட்டது என்றல் அது கரி இறங்கின குழய். கெட்டது. அதன் பக்கம் நிற்கதே.

விரல் வலிக்கிறது. பத்திரம்.

அப்ப

---

மார்ச் 6

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம், ஆனால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

உங்கள் கடிதம் 27-ஆம் தேதி வந்தது. விரல் வலிக்க வலிக்க எழுதியிருக்கிறீர்கள். கால்களை எல்லாம் நான் வைத்துக்கொண்டேன். உலை ஆறியதும் உள்ளே போய் ஒவ்வொரு குழாயாகக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு குழாய்களில் ஒட்டவே இல்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. மேற்குப் பக்கத்தில் முப்பத்தொன்று முதல் முப்பத்தாறு வரை ஆறு குழாய்களில் மட்டும் பிடித்துக்கொண்டது. என்ஜினியர் அறைக்கு ஓடினேன்.

"சார், நாற்பத்திரண்டு குழாய் கெட்டுப்போச்சு."

"யார் சொன்னது?"

"காந்தம் ஒட்டல சார்."

அறையே சிரித்தது. "தம்பி, இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். புதுசுலயே ஒட்டாது. வீட்டுக்குப் போய் டம்ளர்ல வெச்சுப் பாரு" என்றார். மீதி ஆறு குழாய்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது, "போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார். இப்போது எனக்குப் பெயர் காந்தம். "காந்தம் வருது, கைக்கடிகாரத்தக் கழட்டுங்க" என்கிறார்கள்.

டம்ளரில் ஒட்டவில்லை என்று நீங்களும் எழுதியிருந்தீர்களே. அப்போது நம் வீட்டு டம்ளரும் கெட்டதுதானா என்று குழம்பினேன். ஆனாலும் என்ஜினியர் மூன்று வருஷமாக உலையைப் பார்க்கிறார், நீங்கள் முப்பத்தொரு வருஷம். நெட்டையோடு பக்கம் மாற்றிக்கொண்டேன். விஷயத்தை அவனிடமும் சொன்னேன். "நீயும் உங்கப்பாவும் உங்க காந்தமும். கிழக்குலதான் மின்விசிறி இருக்கு, குடுடா சந்தோஷமா வாங்கிக்கறேன்" என்றான்.

ஆகவே கவலை வேண்டாம். நீங்கள் சொன்ன நல்ல குழாய்கள் ஆறுக்கும் நேர் முன்னால்தான் இப்போது நிற்கிறேன். உலையை மறுபடி பற்றவைத்துவிட்டார்கள்.

உங்கள் மகன்

---

மார்ச் 14

என் கண்ணே,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க நேரம் இல்லை. அந்த ஆறு குழாய்களை விட்டுத் தள்ளிப் போ. முதலில் போ, பிறகு மீதியைப் படி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். டீச்சரம்மா திரும்பி வந்திருக்கிறாள். அவளிடம் ஓடினேன். "நீங்க என்ன எழுதுனீங்களோ அதை அப்படியே எழுதிக் காட்டுங்க" என்றாள். எழுதினேன். அவள் முகம் மாறியது. "தாத்தா, இந்த 'ட'வுக்குக் கால் போட்டா ஒட்டாது. கீழ வளைச்சா ஒட்டுது. நீங்க ரெண்டுமே போடலயே" என்றாள்.

நான் மறந்தது காலை இல்லை, மகனே. வளைவை.

ஒட்டுது. ஒட்டுது. ஒட்டுது. காந்தம் ஒட்டினால்தான் கெட்டது. நல்ல உருக்குக்குள் குரோமியம் என்று ஒன்று பரவி இருக்கும். துருவும் தீயும் அண்டாமல் காப்பது அதுதான். அது நல்லபடி இருக்கும்வரை காந்தத்துக்கு அங்கே பிடி இல்லை. கரி உள்ளே இறங்கினால் அந்தக் குரோமியத்தைத் தன்னோடு இழுத்துக் கட்டிக்கொள்ளும். மிச்சம் இருப்பது வெறும் இரும்பு, அதில் காந்தம் ஒட்டும். அந்த உருக்கு வளையாது, நீளாது, கண்ணாடி போல ஆகிவிடும். அதை எனக்குச் சொல்லித்தந்தவர், அந்தக் காலத்தில் எங்கள் உலைக்கு ஆய்வுக்கு வந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். அவர் வாயால் சொன்னபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் எழுதினேன், பாழாய்ப்போனது.

கடையிலிருந்து டீச்சரம்மா உன் ஆலைக்கு டெலிபோன் போட்டாள். வாசல் காவலாளி எடுத்தாராம். உலை ஆட்களைக் கூப்பிட முடியாதாம், செய்தி சொல்லிவிடுகிறாராம். "காந்தம் ஒட்டினாத்தான் கெட்டது, அதை மட்டும் சொல்லுங்க" என்று அவள் கெஞ்சினாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டதாம். என்னிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள், முகத்தைப் பார்த்து நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எந்தக் காரணத்தாலாவது தீ சட்டென்று அணைந்தால் துளையருகில் நிற்காதே. எழுத வேண்டியதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஓடு.

இதில் ஒவ்வொரு சொல்லையும் டீச்சரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

அப்பா

---

மார்ச் 28

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் தூங்குவதில்லை என்று எழுத்திலேயே தெரிகிறது. முதலில் தூங்குங்கள்.

என்ஜினியரிடம் மறுபடி போனேன். "போன தடவை ஒட்டாதது கெட்டதுன்ன. இந்தத் தடவை ஒட்டுறது கெட்டதுங்கற. அடுத்த தடவை உங்கப்பா குழாய் பாடணும்னு எழுதுவாரா?" என்று கேட்டார். ஆனால் இந்தத் தடவை அவர் முழுதாகச் சிரிக்கவில்லை. எந்த ஆறு என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டார். "இப்போ உலை எரியுது. அந்தச் சூட்டுல எதுலயும் காந்தம் ஒட்டாது, எதையும் பார்க்க முடியாது. மே மாசம் அணைச்சு ஆறவிடும்போது பார்ப்போம்" என்றார். அவர் சொல்வதும் நிஜம்தான். எரிகிற உலையை வைத்துக்கொண்டு யாரால் என்ன நிரூபிக்க முடியும்?

பக்கம் மாறவில்லை. நெட்டைக்கு ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். இது கெட்ட பக்கம் என்று தெரிந்துகொண்டு அவனை இங்கே எப்படி நிற்கவைப்பேன்? அவனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால், "அவ்வளவுதானே, நான் வரேன் நகரு" என்று வந்து நின்றுவிடுவான். அவன் அப்படிப்பட்ட முட்டாள்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சூட்டில் இருக்கும்வரை சும்மா இருக்கும் என்று. மே மாதம் வரை சூட்டில்தான் இருக்கப்போகிறது. அந்தக் கால் பத்திரமாக என்னிடம் இருக்கிறது.

உங்கள் மகன்

---

மே 2

மகனே,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் மூன்று பதில் போட்டுவிட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை. நாலாவது இது.

டீச்சரம்மா இரண்டு தடவை டெலிபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம். எடுக்க ஆளில்லை.

கிளம்பி வந்துவிடலாம் என்று ரயில் நிலையத்துக்குப் போனேன். அறிவிப்பு என் காதில் விழாது என்பதால் பலகையைப் பார்த்து நின்றேன். விளக்கு எழுத்துப் பலகை. நான் முதல் எழுத்தைப் படித்து இரண்டாவதுக்கு வருவதற்குள் ஊர் மாறிவிடுகிறது. இப்படி எத்தனை ஊர் ஓடியது என்று தெரியவில்லை. ஒரு போர்ட்டர் என்னைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். வழி தவறி வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நீ கேட்டால் சொல்கிறேன்.

அப்பா

---

மே 16

அன்பு அப்பாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். வேலை அதிகம் என்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

சென்ற மாதம் மின்சாரம் தடைப்பட்டு உலை திடீரென்று அணைந்துவிட்டது. ஒரு குழாயில் சிறு விரிசல். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு குழாய்களையும் மாற்றப்போகிறார்கள். நீங்கள் சொன்னது சரி என்று என்ஜினியர் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். சளி இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்

---

மே 24

மகன் பெயரில் கடிதம் எழுதிய தம்பிக்கு,

போன வருஷமாக இருந்தால் இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்திருப்பார். "பையன் சௌக்கியமாம்" என்று காதருகில் கத்தியிருப்பார். நானும் சரி என்று போய்ப் படுத்திருப்பேன். இப்போது எனக்கு எழுத்து தெரியும். அதிலும் என் மகன் எழுத்து நன்றாகத் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துத்தானே பழகினேன். அவன் கால்கள் வலப்பக்கம் சாய்ந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவன் போல இருக்கும். இந்தக் கடிதத்தில் எல்லாக் கால்களும் விறைப்பாக நிற்கின்றன.

நெட்டைத் தம்பி, நீதானே?

உன்மேல் கோபம் இல்லை. நல்ல பிள்ளை நீ. அவன் சொல்லித்தான் எழுதினாயா, அல்லது சொல்ல அவன் இல்லையா? அதை மட்டும் சொல். சுற்றி வளைக்காதே, நான் மெதுவாகப் படிக்கிறவன், நீளமாக இருந்தால் பதில் இருக்கும் வரிக்கு வருவதற்குள் செத்துவிடுவேன். அவன் இருந்தால் அவன் கையால் ஓர் எழுத்து போதும். எந்த எழுத்தானாலும் சரி.

அப்பா

---

ஜூன் 13

அப்ப

இடது கையல் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு நள் ஆகிறது. உங்கள் கஷ்டம் இப்பதன் புரிகிறது.

தீ அணைந்ததும் ஓட நினைத்தேன். துளைக் கதவைச் சத்தத் திரும்பினேன். முப்பத்து நலவது குழய். வலது கை வெந்துவிட்டது. முகம் பரவயில்லை, முன்பே கருவடுதன்.

நெட்டைதன் இழுத்து வந்தன். அவனைத் திட்ட வேண்டம்.

நீங்கள் தப்பு செய்யவில்லை. கல் வைத்துப் படித்தது நன்.

இப்ப வலிக்கது.

மகன்

---

ஜூன் 22

என் தங்கமே,

உன் எழுத்து வந்தது. தபால்காரர் என் கூச்சலைக் கேட்டுச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இருக்கிறாய். உன் கையால் இருக்கிறாய். டீச்சரம்மாவிடம் காட்டி, "பாத்தியா, என்னை மாதிரியே எழுதறான்" என்றேன். சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

எல்லாக் கால்களையும் நானே வைத்துப் படித்துக்கொண்டேன். யார் தப்பு என்று நாம் இருவரும் கடிதத்தில் அடித்துக்கொள்ள வேண்டாம், நேரில் வா, உட்கார்ந்து சண்டை போடலாம். நெட்டைத் தம்பிக்கு என் கும்பிடு. நம் வாசலில் அவன் தலை இடிக்குமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் படித்தேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'வலிக்கது' என்று எழுதியிருக்கிறாய். கால் வைத்தால் வலிக்காது. வளைத்தால் வலிக்குது. இரண்டு நாளாக அந்தச் சொல்லின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சரம்மா, "வலிக்காதுன்னுதான் எழுதியிருப்பார் தாத்தா" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அனுப்பிய கால் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? வலிக்காது என்றால் அதை உறையில் போட்டு அனுப்பு. அந்தச் சொல்லில் வைத்துக்கொள்கிறேன். வலிக்கிறது என்றால் ஒன்றும் போட வேண்டாம். நீ எழுதக்கூட வேண்டாம், நெட்டையிடம் சொல்லி வெறும் உறையை அனுப்பு. என்னைத் தேற்றுவதற்காக மட்டும் அந்தக் காலை அனுப்பிவிடாதே.

இந்த முறை என்னால் தப்பாகப் படிக்க முடியாது.

அப்பா